பழவேற்காட்டில் கிடைத்த வினைச்சொல்

பழவேற்காட்டுக் கரையில் என்னை இறக்கினார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் கொட்டினார்கள். கப்பல் ஆழத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து கரைக்குக் கயிற்றால் தைத்த படகில் வரவேண்டும். மூன்றாவது அலை எழும்பியபோது முன்னால் இருந்த படகுக்காரன் கத்தினான்: "வருது அலெ! புடி நைனா, புடிச்சிக்கோ!" நானும் பிடித்துக்கொண்டேன். படகைப் பிடிப்பதற்குப் பதில் என் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். பெட்டியும் நானும் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்தோம்.

கரையேறி, பெட்டியில் மெழுகுத்துணிக்குள் எதுவும் நனையவில்லை என்று பார்த்த பிறகுதான் அவனிடம் கேட்டேன், என் பெயர் அவனுக்கு எப்படித் தெரியும் என்று. அவன் சொன்னது என் காதில் நானா என்று விழுந்திருந்தது; இலங்கையில், எங்கள் காலியில் எல்லோரும் என்னை நானா என்பார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் அது அண்ணன். அவன் சிரித்த சிரிப்பில் மற்றப் படகுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன்ன யாரு கூப்ட்டது சாயபு? எங்க நைனா பின்னாடி துடுப்பு புடிச்சிகினு இருந்தாரு. அவர சொன்னேன்."

அந்த வட்டாரத்தில் நைனா என்றால் அப்பா. முதல் பாடம் அப்படி முடிந்தது.

தீர்வைத்துறையில் ஒரு துபாஷி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே பறந்த கொடி எங்கள் காலிக் கோட்டையில் பறக்கும் ஒல்லாந்தரின் அதே டச்சுக் கொடி. கோட்டை மட்டும் எங்களுடையதைவிடச் சிறியது. அதைச் சொன்னால் பெட்டி இன்னும் தாமதமாகும் என்று வாயை மூடிக்கொண்டேன். உள்ளே நாணல் எழுதுகோல்கள், மைக்கூடு, காகிதம். "இன்னா சரக்கு?" என்றார். கதை என்றேன். அவர் காகிதத்தின் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் எழுதவே இல்லியே" என்று விட்டுவிட்டார்.

என் தொழில் அதுதான். அரபுக் கிதாபுகளைத் தமிழாக்கி, அந்தத் தமிழை அரபு எழுத்திலேயே எழுதிக் கொடுப்பேன். எங்கள் ஆட்களில் தமிழ் எழுத்துப் படிக்காத பெண்கள்கூட ஓதப் பழகிய அரபு எழுத்தைக் கூட்டித் தமிழ் வாசித்துவிடுவார்கள். காலியில் ஒரு கப்பல் வணிகரிடம் ஒரு மாலுமியைப் பற்றிய அரபுக் கதையின் முதல் பாதி இருந்தது. முழுக்கிதாபு பழவேற்காட்டில் ஒரு வீட்டில் இருப்பதாக அவருக்குச் செய்தி வந்தது. போய் நகல் எடுத்து, தமிழாக்கிக் கொண்டு வா என்று என்னை அனுப்பினார்.

அந்த வீட்டுக்காரி சைனம்பு பீவி. அவள் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை. கூடத்தின் குறுக்கே பூப்போட்ட துணித்திரை தொங்கியது. திரைக்கு அப்பால் இருந்து குரல் வரும், சில நேரம் ஒரு கை வரும். அவள் கணவரும் மாலுமிதான். கிதாபை அரபு நாட்டு மொக்காத் துறையிலிருந்து கொண்டு வந்தவர் அவர். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பயணம் போனார். கப்பல் திரும்பியது. அவர் நடுவில் ஒரு துறையில் இறங்கினார், பிறகு ஏறவில்லை என்று மட்டும் கப்பல்காரர்கள் சொன்னார்கள். அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"கிதாபு இருக்கு நானா. குடுக்க மாட்டேன்னு சொல்லல," என்றது குரல். "அவுங்க தெனம் கொஞ்சம் கொஞ்சமா எனக்குத் தமிழ்ல சொல்லிகினு வந்தாங்க. பாதியில கப்பலேறிட்டாங்க. எனக்கு அரபு ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது. மீதிக் கதைய நான் கேக்கணும். பாடம் மாதிரி இல்ல, கதையா கேக்கணும். கேட்டு மனசு ஒத்துக்கிச்சின்னா நகல் எழுதிக்கோங்க. இல்லன்னா கிதாபு பொட்டிக்குப் போயிடும்."

அவள் தம்பி சேகு லெப்பை எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறவர், நல்ல அரபுப் படிப்பு உள்ளவர். நீங்களே சொல்லியிருக்கலாமே என்றேன். "கதைக் கிதாபெல்லாம் நான் தொடறதில்ல," என்றார். திரைக்குள் இருந்து அவள் சிரித்தாள். "ஒரு பக்கம் தொட்டான். ஒரு சொல்லுக்கு நாலு அர்த்தம் சொன்னான். நான் தூங்கிட்டேன்."

அன்று மதியம் மடவை மீன் குழம்பு. புளியும் மிளகாயும் போட்டிபோட்டன. காலியில் மீனுக்குக் கொறுக்காய்ப் புளி போட்டு, தேங்காய்ப்பால் விட்டு ஆற்றிவிடுவோம். இங்கே யாரும் எதையும் ஆற்றுவதாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை சோறு வாங்கினேன்.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசிப்பு. முதல் பாதியைக் காலியிலேயே தமிழாக்கி வைத்திருந்தேன். அரபு மேல் இருந்த மரியாதையில் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் போட்டிருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்:

"எழுந்தான் மாலுமி. பார்த்தான் வானத்தை. தேடினான் வடமீனை. காணவில்லை அவன் அதை."

திரைக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரும் இருந்தார்கள் போலிருக்கிறது. அடக்கிய சிரிப்பு ஒன்று கேட்டது. வாசற்படியில் ஒரு பெண் இறால் கூடையோடு நின்றாள். அவள் அடக்கவெல்லாம் இல்லை.

"இன்னா பீவிம்மா, இந்த சாயபு தலகீழா பேசுறாரு? அலையில வுழுந்தாருன்னாங்களே, தலையில அடி கிடி பட்டுச்சா?"

அவள் பெயர் மங்கா. ஏரிக்கு அப்பால் உள்ள கோட்டைக்குப்பத்துக்காரி. ஏரியில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிப்பவள். பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கூடையை இறக்கிவிட்டு அவள் போய்விடவில்லை. திரைக்கு இந்தப் பக்கம், என் எதிரிலேயே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

நான் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். அரபில் கதை சொல்கிறவன் முதலில் செயலைச் சொல்வான். எழுந்தான் என்பான், பிறகுதான் யார் என்பான். பத்துப் பேர் ஓடினாலும் முன்னால் நிற்கும் வினை ஒருமையில்தான் நிற்கும். ஓடினான் என்று கேட்டு ஒருத்தன் என்று நினைப்போம். பின்னாலேயே கூட்டம் வந்து சேரும். கதவு தட்டும் சத்தம் முதலில், தட்டியவர் முகம் பிறகு. அரபுக் கதையின் விறுவிறுப்பே அதில்தான் இருக்கிறது என்றேன்.

"இங்க அது செல்லாது நானா," என்றார் சேகு லெப்பை. அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. "நம்ம பேச்சுல எல்லாரும் வந்து உக்காந்து, எடம் சரி பண்ணிகினு, அப்புறந்தான் செயல் வரும். அந்தக் கதை இதுக்குள்ள நொழையாது."

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாகச் செய்கிற வேலை. தமிழுக்குள் நுழையாதது என்று ஒன்று உண்டா?

விடிந்ததும் உட்கார்ந்தேன். காலைக் கஞ்சி ஆறிப்போகும்வரை அந்த முதல் நாலு வாக்கியங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரபுக்காரன் ஒவ்வொரு செயலையும் 'வ', 'ஃப' என்ற சின்ன ஒட்டுகளால் தள்ளிக்கொண்டே போகிறான். எழுந்தான், பார்த்தான், உடனே தேடினான் என்று. தமிழில் அந்த ஒட்டுகளுக்கு வேலையே இல்லை. நம் வினைகளுக்கே கொக்கி இருக்கிறது. எழுந்து, வெளியே வந்து, வானத்தைப் பார்த்து, வடமீனைத் தேடித் தேடி, காணாமல் நின்றான். ஒவ்வொரு செயலும் அடுத்ததன் கையைப் பிடித்துக்கொள்கிறது. கேட்கிறவர் மூச்சு விடாமல் கடைசிவரை வரவேண்டியிருக்கிறது. அந்த 'நின்றான்' வந்து விழும்போது மாலுமிக்குக் கண் போய்விட்டது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் அப்படியே திருப்பி எழுதினேன். அன்று மாலை வாசித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. மாலுமி கண் மங்கியதை ஊருக்கு மறைக்கிறான். மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் நட்சத்திரங்களை அவனிடமே கற்றவள். கப்பல் புறப்படும் நாளில் அவன் அங்கியைப் போட்டுக்கொண்டு, தலைப்பாகையால் முகத்தை மூடி, அவனுக்குப் பதிலாக அவளே ஏறிவிடுகிறாள். அவன் கரையில் நிற்கிறான்.

அங்கே நிறுத்தினேன்.

"இதுவரைக்குந்தான் அவுங்க சொன்னாங்க," என்றாள் சைனம்பு. "அப்புறம் கப்பல் வந்துடுச்சி." திரையின் ஓரத்தில் கை வந்தது. கிதாபின் அடுத்த தாள்கட்டை நீட்டியது. கிதாபை மொத்தமாக அவள் தரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கட்டு. இனிமேல் வருவது அவளும் கேட்காதது, நானும் படிக்காதது.

நான்காம் நாள் வாசிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அந்தக் கட்டில் அரபுக்காரன் ஒரு வித்தை செய்திருந்தான். அவள் கப்பலில் ஏறியதிலிருந்து, கூட இருப்பவர்கள் கண்ணுக்கு ஆண்தானே, அதனால் 'கால', 'கால' என்றே எழுதிக்கொண்டு போகிறான். அதாவது சொன்னான், சொன்னான். பக்கம் பக்கமாகச் சொன்னான். பிறகு பாறைகளுக்கு நடுவே கப்பல் சிக்கும்போது, பயத்தில் எல்லோரும் கூச்சலிட, அவள் மறைப்பதை மறந்து தன் சொந்தக் குரலில் கட்டளை கொடுக்கிறாள். அங்கே 'காலத்'. ஒரே ஒரு எழுத்து கூடுகிறது. சொன்னாள். வேஷம் கலைந்தது என்று அவன் தனியாக ஒரு வரிகூட எழுதவில்லை.

தமிழில் என்ன செய்வது என்று நான் கவலைப்படவே வேண்டியிருக்கவில்லை. நம்மிடமும் ஒரு எழுத்துத்தான். அவனுக்கு அந்த வினை வாக்கியத்தின் முன்னால் வருகிறது, நமக்குக் கடைசியில் வருகிறது. நான் வாசித்தேன்: "பாய்க்கயிற்றை அறுங்கள், சுக்கானை இடப்பக்கம் தள்ளுங்கள், பயப்படாதீர்கள், வழி எனக்குத் தெரியும் என்று உரத்துச் சொன்னாள்."

மங்கா நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள்.

"'ள்'னியா சாயபு? சொன்னா'ள்'னியா? அய்யய்யோ, மாட்டிகிச்சே!"

திரைக்குப் பின்னால் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். சேகு லெப்பை என் கையிலிருந்த அரபுப் பக்கத்தை வாங்கி, அந்த எழுத்து இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "சரியா இருக்கு," என்றார், வேறு வழியில்லாமல். கேழ்வரகுக் களியும் நண்டுச் சாறும் அன்று எனக்கு ராஜவிருந்தாக இருந்தன. தமிழில் பிறந்ததற்காக நான் இவ்வளவு கர்வப்பட்ட நாள் இல்லை.

கர்வம் மறுநாள் காலைவரை இருந்தது. கடைசிக் கட்டைப் பிரித்தேன். நாலே பக்கம். பாறைகளுக்கு நடுவே வழி பார்க்க அவள் சின்னத் தோணியில் இறங்கித் தனியாகப் போகிறாள். மூடுபனி இறங்குகிறது. அதோடு கதை கடலை விட்டுவிட்டுக் கரைக்கு வருகிறது. கண் தெரியாத மாலுமி கடலைப் பார்த்தபடி நாள் கணக்காக நிற்கிறான். ஒரு காலையில் ஊரார் கூவுகிறார்கள். பிறகு கடைசி வாக்கியம். அது ஒரே ஒரு சொல். 'ரஜஅத்.'

திரும்பினாள். அல்லது, திரும்பியது.

அரபில் கப்பலும் பெண்பால்தான். வினைக்குள்ளேயே ஆள் ஒளிந்திருப்பதால் பெயரைச் சொல்லாமல் விடலாம். விட்டிருக்கிறான். அவள் திரும்பினாளா, அவள் இல்லாமல் கப்பல் மட்டும் திரும்பியதா, அந்தச் சொல் இரண்டையும் ஒன்றாகக் கையில் வைத்துக்கொண்டு, எதையும் தராமல் முடிந்துவிடுகிறது. கண் தெரியாதவன் அந்தக் கணத்தில் எதை அறிந்தானோ அதையே நாமும் அறிகிறோம்.

தமிழில் நான் ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். 'திரும்பினாள்' என்றால் கிதாபில் இல்லாத நிம்மதியைக் கொடுக்கிறேன். 'திரும்பியது' என்றால், கப்பல் மட்டும் திரும்பிவந்த வீட்டில், அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அதைச் சொல்லவேண்டும். முந்தின நாள் எனக்குக் கிரீடம் வைத்த அதே 'ள்' இப்போது கழுத்தைப் பிடித்தது.

அன்று வெள்ளிக்கிழமை, வாசிப்பு இல்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தபோது வீட்டில் இறால் இல்லை. மங்கா வரவில்லை என்றார்கள். எப்போதும் காலையிலேயே வந்துவிடுவாளாம். தெருவில் போன ஒருவன் சொன்னான், அவள் தோணியோடு விடியற்காலையில் முகத்துவாரத்துப் பக்கம் போனாள், மேல்காற்றும் வடிகிற தண்ணீரும் சேர்ந்து தோணியைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டன என்று.

நான் ஒரு படகில் ஏறிக் கோட்டைக்குப்பம் போனேன். நடுவழியில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளினோம். என் செருப்பில் ஒன்றை ஏரி வைத்துக்கொண்டது. குப்பத்துக் கரையில் ஊரே நின்றது. அனலாக மேல்காற்று முதுகில் அடித்து மணலைக் கடலுக்குள் வாரிக்கொண்டு போனது. இரண்டு கட்டுமரங்கள் தேடப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தன. மங்காவின் புருஷன் எல்லப்பன் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றான்.

அவனைச் சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். "விடிகாலம் போச்சி." "தொணக்கி யாரும் இல்லாம போச்சி." "காத்து திரும்புனா வந்துடும்." எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது. தோணியைச் சொல்கிறார்களா, மங்காவைச் சொல்கிறார்களா? "நேத்து எங்கிட்ட சிரிச்சிகினே பேசிச்சி," என்று ஒரு கிழவி அழுதபோதுதான் புரிந்தது. இந்தப் பக்கத்தில் அக்காளையும் அண்ணியையும் தாயையும்கூட அப்படித்தான் சொல்வார்கள். அக்கா வந்துச்சி, அம்மா சொல்லிச்சி. பள்ளிக்கூடத் தமிழில் அது அஃறிணை. எனக்கோ அவள் பெயரைத் தனியாகச் சொல்லத் துணியாத பிரியமாகத்தான் அன்று காதில் விழுந்தது.

பிற்பகலில் அனல் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் காற்றே இல்லை. பிறகு கடல் பக்கத்திலிருந்து முகத்தில் ஈரமாக ஒன்று பட்டது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். காற்று திரும்பிவிட்டது.

வெகுநேரத்துக்குப் பிறகு தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளிமேல் ஏதோ சிவப்பாகப் படபடத்தது. கட்டுமரத்தின்மேல் ஏறி நின்றவன் இரண்டு கையையும் தூக்கினான்.

"வந்துடுச்சி! எல்லப்பா, வந்துடுச்சி!"

கரை முழுக்க அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. வந்துடுச்சி, வந்துடுச்சி. நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். தோணி தெரிந்தது. தோணியில் நட்ட கழியில் சிவப்புச் சேலை பாயாகக் கட்டியிருந்தது தெரிந்தது. ஆள் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவனின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எது வந்தது? தோணியா, மங்காவா?"

அவன் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "வந்துடுச்சின்னா வந்துடுச்சி. இன்னா கேள்வி கேக்குற நீ?"

நான் தேடிய சொல் அதுதான். அந்த நேரத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததற்காக இன்றும் கொஞ்சம் வெட்கப்படுகிறேன். அதற்குள் எல்லப்பன் தண்ணீரில் பாய்ந்துவிட்டான். அவன் நீந்திப்போய் விளிம்பைப் பிடித்தபோது, தோணியின் அடியில் படுத்திருந்த மங்கா எழுந்து உட்கார்ந்தாள். ஊர் கத்திய கத்தலில் ஏரிப்பக்கத்துக் கொக்குகள் எல்லாம் எழும்பிவிட்டன.

பாவாடையும் ரவிக்கையுமாக இருந்தவளைப் பெண்கள் போர்வையால் சுற்றிக் கூட்டிவந்தார்கள். உள்ளங்கைத் தோல் இரண்டும் உரிந்திருந்தது. அடித்த காற்றுக்கு எதிராகத் தோணியின் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, அது இன்னும் தூரம் போகாமல் காலையிலிருந்து துடுப்புப் போட்டிருக்கிறாள். காற்று திரும்பும்வரை தாங்கிவிட்டால் போதும் என்று அவளுக்குத் தெரியும். திரும்பியதும் சேலையை அவிழ்த்துக் கட்டிவிட்டுப் படுத்துவிட்டாள். பறியில் இறால் அப்படியே இருந்தது.

"அத்த தூக்கிப் போட்டிருந்தா பாரம் கொறஞ்சிருக்குமே," என்றான் யாரோ.

"கழுத்தளவு தண்ணியில தடவி எடுத்தது. தூக்கிப் போடணுமா? நீ வந்து புடிச்சிக் குடுப்பியா?" என்றாள் மங்கா. பிறகுதான் அழுதாள்.

சனிக்கிழமை காலையில் கடைசிப் பக்கத்தை எழுதி முடித்து, வாசிப்பதற்கு முன் சேகு லெப்பையிடம் காட்டினேன். அவர் அரபை ஒருமுறை படித்தார். என் தமிழைப் படித்தார். கடைசிச் சொல்லுக்கு வந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"வந்துடுச்சியா? கிதாபுல எழுதற சொல்லா இது? மீன் விக்கிற எடத்துல பேசறது. திரும்பியதுன்னு எழுதுங்க. ஸஃபீனா, கப்பல். எலக்கணப்படி அதான்."

"இலக்கணப்படி திரும்பினாள் என்றும் எழுதலாம். நீங்கள் சொல்லுங்கள், கிதாபு எழுதியவன் எதைச் சொன்னான்?"

அவர் மறுபடி அரபைப் பார்த்தார். நேர்மையான மனிதர். "சொல்லல," என்றார்.

"சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? ஏட்டுத் தமிழில் இரண்டையும் தாங்குகிற சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கரையில் இருக்கிறது. நேற்று என் காதால் கேட்டேன். அரபுக்காரன் ஒரு சொல்லில் செய்ததை இவர்கள் தினமும் ஒரு சொல்லில் செய்துகொண்டிருக்கிறார்கள். அதைக் கொச்சை என்று தள்ளிவிட்டு நான் காலிக்குப் போனால் அரபுக்கும் துரோகம், தமிழுக்கும் துரோகம்."

"காலியில சிரிப்பாங்க நானா."

"சிரிக்கட்டும்."

திரைக்குள் இருந்து சைனம்பு சொன்னாள்: "கேக்கப் போறது நானு. வாசிங்க."

மங்கா வந்திருந்தாள். மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றிய இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்தாள். நான் வாசித்தேன். தோணியில் அவள் இறங்குவது, மூடுபனி, கரையில் மாலுமி. கடைசி வாக்கியத்துக்கு வந்தேன்: "பொழுது விடிந்து, கடல் வெளுத்து, கரையில் நின்றவர்கள் எல்லோரும் கைகளைத் தூக்கிக் கூவ, கண் தெரியாதவன் காதைக் கடல் பக்கம் திருப்பி, அந்தக் கூவலில் இருந்த ஒரே சொல்லைக் கேட்டான். வந்துடுச்சி."

நிறுத்தினேன். மங்காதான் முதலில் பேசினாள். "அந்தம்மாதான். அதுதான் வந்துச்சி. தோணி ஓட்டத் தெரிஞ்சது வராம இன்னா?"

"கப்பல்தான்," என்றார் சேகு லெப்பை. கதைக் கிதாபைத் தொடாதவர் முழங்காலில் எழும்பி நின்றார். "அவ தோணியில தனியா போயிட்டா. மூடுபனி எறங்கிடுச்சி. கப்பல்தான் திரும்பும்."

"உனக்கு இன்னா தெரியும் லெப்பை? நீ கடலுக்குப் போனியா?"

பின்னாலிருந்த பெண்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். சைனம்புவின் குரல் மட்டும் இல்லை. நான் பயந்துபோய்த் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் தானாக அடங்கியது.

"மூணு வருஷமா எல்லாரும் எங்கிட்ட ரெண்டா பிரிச்சிதான் சொன்னாங்க," என்றாள் அவள். "கப்பல் வந்துச்சி, அவுரு வர்ல. கப்பல் வந்துச்சி, அவுரு வர்ல. கேட்டுக் கேட்டு என் காதே ரெண்டாப் போச்சி. இந்தக் கதை எழுதனவரு பிரிக்கல. நீங்களும் பிரிக்கல. அவுங்க இருந்திருந்தா அவுங்களும் அப்பிடித்தான் சொல்லியிருப்பாங்க. எனக்குத் தெரியும்."

திரையின் ஓரத்தில் கை வந்தது. வெறும் கை. நான் அரபுக் கட்டைத் திருப்பி நீட்டினேன். அதை அவள் வாங்கவில்லை.

"அது இல்ல நானா. நீங்க எழுதனத குடுங்க."

என் தமிழ்த் தாள்களைக் கொடுத்தேன். கை உள்ளே போயிற்று. பிறகு இரண்டு கைகளாக வந்து, துணியில் சுற்றிய மீதிக் கிதாபை முழுவதுமாக என் முன்னால் வைத்தது.

"நகல் எழுத வேணாம். கிதாபையே எடுத்துகினு போங்க. அது மூணு வருஷமா பொட்டியில கெடந்துச்சி, எனக்கு ஒண்ணும் சொல்லல. இத நானே வாசிச்சிப்பேன்."

"லாத்தா!" என்று அக்காவைத் தடுத்தார் சேகு லெப்பை. "அது மச்சான் கொண்டாந்தது."

"அவுங்க எனக்குக் கதை கொண்டாந்தாங்க. கதை எங்கிட்டத்தான் இருக்கு."

மூன்று நாளில் எனக்குக் கப்பல் கிடைத்தது. அந்த மூன்று நாளும் கிதாபை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, என் தமிழை நினைவிலிருந்து எனக்காக மறுபடி ஒரு பிரதி எழுதிக்கொண்டேன். கடைசிச் சொல்லையும் அரபு எழுத்தில் எழுதி முடித்தேன். எந்தக் கிதாபிலும் அந்தச் சொல் அதற்கு முன் ஏறியதாக எனக்குத் தெரியவில்லை. அதை ஏற்றியவன் நான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அன்று கட்டுமரத்தின்மேல் நின்று கையைத் தூக்கியவன் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

புறப்படும் நாள் காலையில் விடைபெறப் போனேன். தெருவிலேயே குரல் கேட்டது. சைனம்பு வாசித்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டி, நின்று நின்று, பிறகு வேகம் பிடித்து. பாறைகள் வந்தன. கூச்சல் வந்தது. பயப்படாதீர்கள், வழி எனக்குத் தெரியும் என்று உரத்துச் சொன்னாள் என்ற இடத்தில் அவள் குரலை அப்படி உயர்த்தினாள், 'ள்' தெருவுக்கே கேட்டது. உள்ளே போய் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. வாசலில் இருந்த மங்காவுக்குக் கையைக் காட்டிவிட்டு, கிதாபை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தித் துறையைப் பார்த்து நடந்தேன்.